துணி மூட்டை கட்டுவதற்கு முன்: பினாங்கு, கோலாலம்பூர் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், ஆலய நிர்வாகக் குழுவினர், நிவாரண நிதிக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாவதும், அது கரையைக் கடந்த மறுநாள் நம்முடைய புலனக் குழுக்களில் நிதி திரட்டும் அறிவிப்பு வருவதும், அந்த வார இறுதிக்குள் ஏதாவதொரு மண்டபத்தின் மூலையில் துணி மூட்டைகள் குவிவதும் நமக்குப் பழகிப்போனவை. அந்த மூட்டைகளைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். 2018ஆம் ஆண்டு கஜா புயலுக்குப் பிறகு பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் அமைந்த ஒரு சிறிய நிவாரணக் குழுவுக்கு நான் பொருளாளராக இருந்தேன். அந்தக் குழு இப்போது இல்லை. அதன் கணக்குப் புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைப் புரட்டும்போதெல்லாம் மனத்தில் உறுத்துகிற சிலவற்றை, அடுத்த புயலுக்கு முன்பே உங்கள் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன். புயல் அடித்த வாரத்தில் இவற்றைச் சொன்னால் எவரும் காதில் வாங்க மாட்டீர்கள். அன்று எங்களிடமும் ஒருவர் சொன்னார், நாங்கள் வாங்கவில்லை.

சொல்ல வருவது இதுதான். புயல் நிவாரணம் என்பது நில உரிமைக்கான பட்டா, ரேஷன் அட்டை, படகுப் பதிவு, சாதிச் சான்றிதழ் ஆகிய தாள்களின் வழியே நடந்து போகிறது. புயலில் மிகுதியாக இழப்பவர்கள் கையில் பெரும்பாலும் அந்தத் தாள்கள் இருப்பதில்லை. அரசு தன் விதிகளை மீறி அவர்களிடம் போய்ச் சேர்வது கடினம். வெளியிலிருந்து உதவும் நமக்கு அந்தக் கட்டு இல்லை. இருந்தும் நாம் அனுப்புவதும் அதே பட்டியல்களின் பின்னால் போய், ஏற்கெனவே ஓரளவு பெற்றவர்களிடமே மீண்டும் சேர்கிறது.

கஜா 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. பினாங்கில் இருப்பவர்களுக்கு அந்தக் கரை அயல் கரை அன்று. ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து ஏறியவர்களை ரஜூலா கப்பலும் பின்னர் சிதம்பரம் கப்பலும் பினாங்குத் துறையில் இறக்கிவிட்டன. என் தாத்தா அப்படி வந்தவர். 1952இலும் 1977இலும் நாகையைப் புயல் தாக்கியபோது, கடிதம் வந்து சேரும் வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் அம்மா சொல்லுவார். ஆகவே 2018இல் நாங்கள் நான்கு பேர் கூடிப் பேசிய அன்றே நன்கொடைப் பெட்டி வைத்துவிட்டதில் வியப்பில்லை. அவசரத்தில் தவறு இல்லை. அந்த அவசரத்தில் என்ன சேர்த்தோம் என்பதில்தான் தவறு.

துணிதான் முதலில் வந்தது, அதுவே கடைசி வரை வந்தது. மூன்று இரவுகள் மண்டபத்தில் உட்கார்ந்து பிரித்தோம். கோட்டும் டையும் இருந்தன. ஹோட்டலில் போர்த்துவது போன்ற கனத்த கம்பளிகள் இருந்தன. ஜிப் அறுந்த பள்ளிப் பைகள், ஒற்றைக் காலணி, மணப்பெண் வரவேற்புக்கு அணியும் கவுன், அடுக்கடுக்காகப் பாஜு கூரோங் என்ற மலாய்ப் பெண்களின் நீள உடை. எல்லாம் துவைத்து மடித்து வந்தவைதான்; கொடுத்தவர்களின் மனத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய துணியை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தனி உரிமம் வேண்டும் என்பதை, பெட்டிகள் சென்னைத் துறைமுகத்தில் நின்ற பிறகுதான் முகவர் சொல்லி அறிந்தோம். துறைமுக வாடகை ஏறியது. சில பெட்டிகள் விடுபட்டன, சில விடுபடவேயில்லை. கப்பல் கட்டணத்தையும் வாடகையையும் கூட்டிப் பார்த்தபோது, அதே பணத்துக்குத் திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவிலேயே புதுச் சேலையும் வேட்டியும் வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று தெரிந்தது. வாங்கியிருந்தால் புயலில் படுத்துவிட்ட அந்தக் கடைத்தெருவுக்கும் வியாபாரம் கிடைத்திருக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் மலையாகக் கிடந்ததை உலகமே படத்தில் பார்த்தது. பார்த்த பிறகும் நாங்கள் அனுப்பினோம்.

மார்ச் மாதம் நானே போனேன். வேதாரண்யத்துக்கு மேற்கே, உறவினர் ஒருவரின் தோப்பு. வேரோடு சாய்ந்த மரங்களில் பாதியை அறுத்து எடுத்துச் சென்றுவிட்டார்கள். மீதி கிடந்த இடத்திலேயே கிடந்தன. நடுவே கொஞ்சம் இடத்தைத் துப்புரவாக்கித் தென்னம்பிள்ளை நட்டிருந்தார். புதிதாக நட்ட பிள்ளைக்கு வெயில் படாமல் நான்கு பக்கமும் கீற்றுக் கட்டுவது வழக்கம். ஊரில் தென்னையே விழுந்து கிடக்கும்போது பச்சைக் கீற்றுக்கு எங்கே போவது? நான்கு குச்சி நட்டு, பூப்போட்ட பாஜு கூரோங் ஒன்றைப் பிரித்துக் கட்டியிருந்தார். அது எங்கள் பெட்டியில் போனதா, வேறு யார் பெட்டியில் போனதா என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "கோவிச்சுக்காத தம்பி, நல்ல துணிதான். வெயிலுக்கு நல்லா தாங்குது."

அந்தத் தோப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிவாரணக் கணக்கு எங்கே கண்ணை மூடிக்கொள்கிறது என்பதை நான் அங்கேதான் கற்றேன். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் காவிரித் தண்ணீர் கடைமடைக்கு ஒழுங்காக வராமல் போன காலத்தில், நெல்லை நம்ப முடியாமல் தென்னைக்கு மாறியவர்கள் பலர். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். வந்துவிட்டால் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் சோறு போடும். பாட்டன் வைத்ததில் பேரன் காய் பறிக்கும் மரம் அது. கஜாவுக்குப் பிறகு தமிழக அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். அந்த ஆண்டின் இறுதியில் ஒப்புதலான கூடுதல் உதவி 1,146 கோடி. தொகை போதுமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. 1,100 ரூபாயை வாங்கிக்கொள்ளும் உரிமை யாருக்கு என்பதை மட்டும் பாருங்கள். மரம் யார் பட்டாவில் நிற்கிறதோ அவருக்கு. மரமேறிக் காய் போடுபவருக்கு இல்லை. மட்டை உரிப்பவருக்கு இல்லை. குளத்தில் ஊறப்போட்ட மட்டையை எடுத்துக் கீற்று முடையும் பெண்களுக்கு இல்லை. கயிறு திரிப்பவர்களுக்கும் இல்லை. ஒரு தோப்பு விழுந்தால் உரிமையாளர் மரங்களை இழக்கிறார். அந்தத் தோப்பை நம்பிய பத்து வீடுகள் ஆறேழு ஆண்டு வேலையை இழக்கின்றன. முன்னதை எண்ணக் கிராம நிர்வாக அலுவலர் வருகிறார். பின்னதை எண்ண எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

நெல்லிலும் இதே கதைதான். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்தப் பணம் சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்ப் பதிவேடுகளில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் போகும். குத்தகைக்கு எடுத்து, வட்டிக்கு வாங்கி, உரம் போட்டு, நட்டு, களையெடுத்தவர் பெயர் பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் இருக்கிறது. நல்ல மனமுள்ள உரிமையாளர் பாதியைக் கொடுப்பார். மற்றவரைப் பற்றி என்ன சொல்ல.

கடற்கரைக்கு வந்தால், படகு சேதத்துக்கு உதவி உண்டு. விசைப்படகுக்கு ஒரு தொகை, பைபர் படகுக்கு ஒரு தொகை, வலைக்கும் இஞ்சினுக்கும் ஒரு கணக்கு. ஆனால் படகில் பங்குக்குப் போகிறவர் படகு பழுது பார்த்து முடியும் வரை கரையில்தான் உட்கார வேண்டும். ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்கும் பெண்களின் முதலீடு ஒரு கூடை, ஒரு தராசு, நேற்றைய கடன். படகு போகாவிட்டால் அவர்களுக்கு மறுநாளே அடுப்பு எரியாது. வேதாரண்யத்து உப்பளங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1930இல் ராஜாஜி உப்பெடுத்த ஊர் என்று மேடைகளில் நாம் பெருமையோடு சொல்லும் அதே ஊர்தான். கடல் உள்ளே புகுந்து பாத்திகளின் மேல் சேற்றைப் படியவிட்டுப் போனால், அந்தச் சேற்றை வழித்துப் பாத்தியை மீண்டும் மிதித்து இறுக்கிச் சீராக்கும் வரை உப்பு விளையாது. மழைக்காலம் முழுவதும் வேலையில்லாமல் இருந்து, தை பிறந்தால் பாத்திக்கு இறங்கலாம் என்று காத்திருப்பவர்களின் அடுத்த பருவத்தையும் ஒரே இரவு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இவர்களுக்காவது ஊர் என்று ஒன்று இருக்கிறது. அடுத்து நான் சொல்லப் போகிறவர்களுக்கு அதுவும் உறுதியில்லை.

2025 ஜனவரியில் விழுப்புரம் பக்கம் போயிருந்தேன். ஃபெஞ்சலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை இரு கரையும் வழிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு இருளர் குடும்பங்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு குடிகளுள் இருளரும் ஒருவர். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் சுமார் 1.9 லட்சம் பேர். பாம்பு பிடிப்பதிலும் மூலிகையிலும் பெயர் பெற்ற குடி. இன்று பெரும்பாலோர் வயலில் எலி பிடித்து, ஓடையில் கையால் துழாவி மீனும் நண்டும் பிடித்து, செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்து பிழைக்கிறார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடி மணலில் கன்னியம்மனுக்குப் படையல் போடுவார்கள்; அந்த ஓரிரண்டு நாள் அவர்களை ஊர் பார்க்கும்.

அந்த ஏரிக்கரையில் குடிசை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. புயல் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் ரேஷன் அட்டை ஒன்றுக்கு 2,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய். பன்னிரண்டு குடும்பங்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டேன். ஐந்து என்றார்கள். கிடைக்காதவர்களுள் ஒரு பெண், கையில் ஒரு பாலித்தீன் பையைப் பிடித்தபடி எங்களுடனேயே நடந்து வந்தார். பைக்குள் நனைந்து காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஜெராக்ஸ் தாள்கள். எழுத்து எதுவும் படிக்க முடியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கார்டு எங்கன்னு கேக்குறாங்க சார். கூரையில சொருவி வச்சிருந்தேன். கூரை எங்கன்னு நான் யாரப் போய்க் கேக்குறது?"

இருளர் என்பதற்கான சான்றிதழைக் கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும்; அதற்கு முந்தைய தலைமுறையில் யாரிடமாவது சான்றிதழ் இருந்தால் எளிது, இல்லையென்றால் விசாரணை, அலைச்சல், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. அவர்கள் குடியிருப்பது நீர்நிலைப் புறம்போக்கு என்பதால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது. பட்டா இல்லாததால் நிலையான வீட்டுக்கான திட்டத்தில் பெயர் ஏறாது. வீடு இல்லாததால் கூரை, கூரையில் செருகிய தாள், தாளைக் கொண்டுபோன காற்று. தெற்கே பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பகுதியில் அலையாத்திக் காட்டு ஓடைகளில் தலைமுறைகளாக மீன் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவர்களுக்கு என்று வந்த உதவிகளில், நீங்கள் மீனவர் சமுதாயத்தவர் இல்லையே என்ற கேள்வி அவர்களை நிறுத்தியது. பழங்குடிக்கான உதவி வந்தால் சான்றிதழ் கேட்கப்படும். மீனவருக்கான உதவி வந்தால் சாதி கேட்கப்படும்.

இதை மலேசியத் தமிழனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பிறந்தது தோட்டத்தில், பிறப்புச் சான்றிதழ் எடுக்காமலே பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்பதால், எழுபது வயதிலும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பதிவு இலாகா வரிசையில் நின்றவர்களை நாம் நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறோம். பிள்ளைக்கு மைகார்டு என்ற குடிமக்கள் அடையாள அட்டை இல்லாததால் படிவம் ஆறு தேர்வுக்கு உட்கார வைக்கத் தலைமையாசிரியர் பட்ட பாடும் தெரியும். அந்தத் தாய்மார்களுக்கு நம் அமைப்புகள் சில, மூட்டை அரிசி கொடுப்பதோடு நிற்காமல் அவர்களுடன் வரிசையில் நின்றன, படிவம் நிரப்பின, சத்தியப் பிரமாணத்துக்கு வழக்கறிஞரைத் தேடின. நம் அமைப்புகள் செய்தவற்றுள் நான் உண்மையில் மதிப்பது அந்த வேலையைத்தான். அதே வேலை அந்த ஏரிக்கரையிலும் காத்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பேருந்துச் செலவு, இழந்த நாட்கூலி, புகைப்படம், ஜெராக்ஸ், மனு எழுதித் தருபவருக்கு ஒரு சிறு தொகை, நீர் புகாத ஒரு தகர டப்பா. கணக்கிட்டால் ஒரு பெட்டித் துணியைக் கப்பலில் ஏற்றும் செலவைவிடக் குறைவு.

அடுத்து, பணத்தை எப்படி அனுப்புவது என்ற கேள்வி. இதில் எங்கள் குழு செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது. நாம் தமிழர்களாக இருக்கலாம், தாத்தாவின் ஊர்ப் பெயரை முகவரியோடு ஒப்பிக்கலாம். இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் முன் நாம் மலேசியக் குடிமக்கள். நாம் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் வெளிநாட்டு நன்கொடை. அந்த நிறுவனம் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் புதுடில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்கே முதலில் வர வேண்டும். அதைவிட முக்கியமானது, பெற்ற நிறுவனம் அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. சென்னையில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் கிராமத்துச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்ற பழைய எண்ணம் இனிச் செல்லாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே பதிவும் இருக்க வேண்டும், அந்த ஏரிக்கரையிலும் உப்பளத்திலும் தன் ஆட்களே நேரடியாக வேலை செய்வதாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. புயல் அடித்த வாரத்தில் தேடினால் அகப்படாது. சித்திரை, வைகாசியில் தேடுங்கள்.

கோலாலம்பூரில் உள்ள பெரிய அமைப்புகளுக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்களுக்குத் தூதரக அதிகாரிகளைச் சந்திக்க வழி இருக்கிறது. வழக்கறிஞர்களும் கணக்காய்வாளர்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அனைத்து அமைப்புகளின் சார்பிலும் ஒரு முறை இந்தச் சட்ட நிலையைத் தெளிவாகக் கேட்டு, தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி, சுங்கை பட்டாணியிலும் பாகான் செராயிலும் ஈப்போவிலும் உள்ள சிறு குழுக்களுக்கு அனுப்புங்கள். இங்கே வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் போலீஸ் அனுமதி பெற வேண்டும் என்பதே பல குழுக்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை.

எப்போது செலவழிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். புயலுக்கு அடுத்த பத்து நாட்களுக்குச் சோறு வந்துவிடும். 2018இல் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வண்டி கட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வந்தார்கள். ஜெனரேட்டரும் தண்ணீரும் மெழுகுவர்த்தியும் கொண்டு வந்தார்கள். சாலையோர ஊர்களுக்கு மூன்று வேளையும் சாப்பாடு வந்து, உள்ளே ஐந்து கிலோமீட்டரில் இருந்த ஊருக்கு ஒரு வேளையும் வராத கொடுமை நடந்தது உண்மைதான் என்றாலும், மொத்தத்தில் முதல் மாதம் தனியாக விடப்பட்ட மாதம் அன்று. மாசி, பங்குனியில்தான் ஊர் வெறிச்சோடுகிறது. அப்போதுதான் நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து உட்காருகிறார். பெண்கள் குழுவாகப் பொறுப்பேற்ற கடன் என்பதால், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளைச் சும்மா விடுவதில்லை. அப்போதுதான் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் பேருந்து ஏறுகிறது. இருளர் வீட்டில் என்றால், சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமே போய்விடுகிறது. திரும்பி வருவதற்கு ஆண்டுகள் ஆகலாம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் கடைசிச் செலவு 2018 டிசம்பர் 23ஆம் தேதியோடு முடிகிறது. மார்ச்சில் நான் அங்கே நின்றபோது கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. ஆகவே திரட்டுவதில் பாதியைத் தொடாமல் வைத்திருந்து, நான்காவது மாதத்துக்கு மேல் செலவழியுங்கள். "இன்னும் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்" என்று நம்மவர்கள் பேசத்தான் செய்வார்கள். வசூலிக்கும் நாளிலேயே அறிவிப்பில் இதைச் சொல்லிவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது.

புயல் என்பது அந்தப் பக்கத்துக் கவலை, நம் பாடு வெள்ளத்தோடு சரி என்று பினாங்கில் நாம் நினைத்திருந்த காலமும் போய்விட்டது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் ஒரே இரவு மழையில் தீவும் பெருநிலமும் மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது மண்வெட்டியும், மின்சாரம் பார்க்கும் ஆளும், கைமாற்றாகக் கொஞ்சம் பணமும். பழைய சட்டைகளும் நிறைய வந்தன. 2025 நவம்பர் கடைசியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவாகிச் சுமத்திராவைச் சிதைத்துவிட்டு நம் கரைக்கும் வந்தது. அதே வாரத்தில் தித்வா புயல் இலங்கையை நிலைகுலைத்தது. அங்கே 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண் சரிந்தபோது லயக் காம்பராக்கள் என்ற தோட்ட வரிசை வீடுகளில் இருந்த மலையகத் தமிழர்களின் நிலை நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதா? தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தாலும் நிலம் தோட்டத்துடையது. வீடு இடிந்தால் எந்த நிலத்தில் கட்டுவது என்ற கேள்வி அங்கேயும் முதலில் தாளைத்தான் கேட்கிறது.

இடையில் ஒன்று. நிவாரணம் கொடுக்கும்போது பதாகை பிடித்துப் படம் எடுப்பதைப் பற்றி உங்களில் பலருக்கு என்னைவிடக் கடுமையான கருத்து இருக்கும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது சரி. ஐந்து கிலோ அரிசியை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, வாங்குபவரைத் தலை நிமிரச் சொல்லும் படம் கணக்கு ஆகாது. ரசீதைப் படம் எடுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரே அமைப்பு செய்ய இயலாது என்பதை அறிவேன். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும் என்பது நாட்காட்டியில் இருப்பது. ஆகஸ்டிலேயே கூடிப் பேச முடியும். எந்த நிறுவனத்தின் வழியே அனுப்புவது, துணி வாங்குவதில்லை என்பதை எப்படி அறிவிப்பது, எவ்வளவைப் பின்மாதங்களுக்கு வைப்பது என்ற மூன்றையும் அந்தக் கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம். அதோடு, அனுப்பும் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: உங்கள் பயனாளிப் பட்டியலில் ரேஷன் அட்டை இல்லாதவர்கள், குத்தகைக்காரர்கள், பங்குக்குப் போகிறவர்கள், மீன் விற்கும் பெண்கள், உப்பளக் கூலிகள், சான்றிதழ் இல்லாத பழங்குடியினர் எத்தனை பேர்? எண் தர முடியாத நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டாம்.

பினாங்கில் அப்படியொரு கூட்டம் கூட்டினால், எந்த மண்டபமானாலும் வருகிறேன். எங்கள் பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வருகிறேன். கப்பல் கட்டணப் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். அந்த ஏரிக்கரைப் பெண்ணுக்கு ரேஷன் அட்டை நகல் போன ஆனி மாதம் கிடைத்துவிட்டது என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். சாதிச் சான்றிதழ் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

இங்ஙனம்,
ஒரு முன்னாள் பொருளாளர்
பட்டர்வொர்த், பினாங்கு